இருபத்தாறு போக மீதி இருபத்துநான்கு: 'முஷிஷி' தொடர்ச்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

தனித்தனிக் கதைகளாக நகரும் அனிமே (ஜப்பானிய அசைபடத் தொடர்) ஒன்று நல்லபடியாக முடிந்துவிட்டால், "அடுத்த சீசன் வேண்டுமா, இப்படியே விட்டுவிடலாமா" என்ற பேச்சு அதோடு ஒட்டிக்கொண்டே வரும். தொடர்கதை என்றால் இந்தக் குழப்பம் இல்லை. நாயகன் பாதி வழியில் நின்றால் மீதி வழியைக் காட்டித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு எபிசோடும் தன்னளவில் முடிந்துவிடும் தொடரில் பாதி வழி என்று ஒன்று கிடையாது. 'முஷிஷி' தொடருக்கு முதல் சீசன் முடிந்து ஏறக்குறைய எட்டு ஆண்டு கழித்துத் தொடர்ச்சி வந்தது. அந்த முடிவு எப்படி உருப்பெற்றது, எந்த வரிசையில் நிறைவேறியது, எங்கே சறுக்கியது என்பது இங்கே பதிவாகிறது. ஆட்களின் பெயரை விட்டுப் பொறுப்பை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

பின்னணி

மூலம் ஒரு மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை. 1999-இல் கோடான்ஷா பதிப்பகத்தின் 'ஆஃப்டர்நூன்' துணை இதழில் தொடங்கி, 2002 இறுதியில் முதன்மை மாத இதழுக்கு மாறி, 2008-இல் நிறைவடைந்தது. மொத்தம் 10 தொகுதி, தொகுதிக்கு 5 அத்தியாயம்.

கதையமைப்பு எளிது. முஷி என்பவை உயிரின் அடிவேருக்கு மிக அருகில் இருக்கும் ஒருவகை உயிர்கள். பூச்சி என்றும் சொல்ல முடியாது, பேய் என்றும் சொல்ல முடியாது. எல்லோர் கண்ணுக்கும் தெரியாது. அவற்றால் மனிதருக்கு வரும் கோளாறுகளைப் பார்க்கும் நாடோடி வைத்தியன்தான் கிங்கோ. அவன் உடம்பு முஷிகளை ஈர்க்கும் என்பதால் ஓரிடத்தில் நெடுநாள் தங்க முடியாது. தங்கினால் அந்த ஊர் முஷிகளின் கூடாரமாகிவிடும். ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் அவன் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குக் காரணம் இதுதான். வடிவம் நாயகனின் உடலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இந்த ஒன்றை மறந்துவிட்டுத் தொடர்ச்சி பற்றி யோசித்தால் கணக்கு தப்பும்.

முதல் சீசனை ஆர்ட்லேண்ட் ஸ்டூடியோ தயாரித்தது. 26 எபிசோட். 2005 அக்டோபர் முதல் 2006 மார்ச் வரை ஃபுஜி தொலைக்காட்சியில் 20 எபிசோட் ஒளிபரப்பாயின. கடைசி ஆறும் அதன் செயற்கைக்கோள் அலைவரிசையான பிஎஸ் ஃபுஜியில் அந்த ஆண்டு மே, ஜூன் மாதங்களில் வந்தன. சாதாரண ஆன்டெனா மட்டும் வைத்திருந்தவர்களுக்குத் தொடர் இருபதோடு நின்றுபோனது. சின்ன விஷயம்போலத் தெரிந்தாலும் இதே தவறு பின்னால் வேறு உருவில் திரும்புகிறது.

ஒரு எபிசோடில் இருப்பது என்ன

ஒரு அத்தியாயம் 40–50 பக்கம். தொடக்கப் பாட்டும் முடிவு இசையும் போக ஒரு எபிசோடில் கதைக்குக் கிடைப்பது 21, 22 நிமிடம். அதாவது நிமிடத்துக்கு இரண்டு பக்கம். ஒரு அத்தியாயத்துக்கு ஒரு எபிசோட் என்ற கணக்கை முதல் சீசன் எங்கும் மீறவில்லை. இரண்டு கதையை ஒன்றாக நெருக்கவும் இல்லை, ஒன்றை இழுத்து இரண்டாக்கவும் இல்லை.

கதை பெரும்பாலும் இந்தத் தடத்தில் போகும்: ஒரு நிலக்காட்சி, அங்கே ஒருவருக்கு வந்திருக்கும் விளங்காத கோளாறு, கிங்கோ வந்து இன்ன முஷி என்று அடையாளம் காண்பது, மருந்து, அந்த மருந்துக்கான விலை. மூன்றாம் எபிசோடை எடுத்துக்கொள்ளலாம். பனி மூடிய மலைக் கிராமம். ஊரில் பலருக்கு ஒரு காது கேட்காமல் போகிறது. ஓசையைத் தின்னும் முஷி காதுக்குள் குடியேறியிருக்கிறது. ஒரு சிறுவனுக்கோ நெற்றியில் கொம்பு முளைத்து, இல்லாத ஓசையெல்லாம் காதை அறைகின்றன. செத்துப்போன அவன் தாய் கடைசியாகக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள். பொத்தினால் கையின் தசை அசையும் ஓசை கேட்கும், எரிமலைக் குழம்பு ஓடுவதுபோல. தீர்வு அந்த ஓசைக்குள் இருக்கிறது. படிக்கிறவர்கள் இப்போதே காதைப் பொத்திப் பார்க்கலாம், கேட்கும். முஷியின் விதி, உடம்பு அறிந்த உண்மை, ஒரு துக்கம் மூன்றும் ஒரே முடிச்சில் விழ வேண்டும். இந்தத் தொடரில் புதுக் கதை எழுதுவது கடினம் என்று சொல்வதற்குக் காரணம் இந்த முடிச்சுதான்.

2006 முதல் 2013 வரை

தொடர் முடிந்த ஆண்டே மங்காவுக்குக் கோடான்ஷா மங்கா விருது கிடைத்தது. நடிகர்களை வைத்து எடுத்த ஒரு திரைப்படமும் அதே ஆண்டு வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டு 2007-இல் ஜப்பானில் வெளியானது. 2008-இல் நின்டென்டோ டிஎஸ் கருவிக்கு ஒரு விளையாட்டு வந்தது.

இவற்றில் திரைப்படம்தான் நம் கேள்விக்கு நேராகப் பயன்படுகிறது. ஓசை தின்னும் முஷி, வானவில்லைத் தேடி அலைபவன், முஷிகளை எழுத்தாக்கிச் சுருளில் அடைக்கும் தன்யூ, கிங்கோவின் சிறுவயது என்று தனித்தனிக் கதைகளை எடுத்து ஒரே நீண்ட கதையாகத் தைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இருந்த முடிவு தளர்ந்தது. ஒரு கதையின் உச்சம் அடுத்த கதையின் முன்னுரையாகிப்போனது. படத்தில் அழகான காட்சிகள் உண்டு. ஆனால் கதைகள் ஒன்றையொன்று தின்றுவிட்டன. எபிசோட் வடிவத்தை ஒரே கதையாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் படம் அப்போதே சாட்சியாக நின்றது.

"தொடர்ச்சி வேண்டாம்" என்றவர்களின் வாதங்களில் இரண்டு வலுவானவை. முதல் சீசனில் முடியாமல் நிற்கும் கதை இழை எதுவும் இல்லை. கிங்கோவின் ஒற்றைக் கண்ணுக்கும் வெள்ளை முடிக்கும் காரணம் பன்னிரண்டாம் எபிசோடிலேயே சொல்லியாயிற்று. இரண்டாவது, எட்டு ஆண்டில் ஸ்டூடியோவின் ஆட்கள் மாறியிருப்பார்கள், பழைய கைப்பக்குவம் வராது. இரண்டையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. "வேண்டும்" என்றவர்கள் பெரும்பாலும் ஆசையைத்தான் சொன்னார்கள். ஆனால் அவர்கள் கையில் ஆசையைவிடப் பலமான ஒன்று இருந்தது: கணக்கு.

கணக்கு

மங்காவில் மொத்தம் 50 அத்தியாயம். முதல் சீசன் எடுத்துக்கொண்டது முதல் ஐந்து தொகுதிகளின் 25, ஆறாம் தொகுதியிலிருந்து ஒன்று. ஆக 26. மீதி 24.

இந்த 24-இல் நான்கு அத்தியாயங்கள் இரண்டு இரட்டைக் கதைகள்: ஏழாம் தொகுதியின் 'முள்வழி', பத்தாம் தொகுதியின் 'மணித்துளி'. இரண்டுமே முன்பகுதி, பின்பகுதி என்று எழுதப்பட்டவை. இவற்றைக் கழித்தால் 20 தனிக்கதை.

ஜப்பானியத் தொலைக்காட்சியில் மூன்று மாதப் பருவத்தைக் 'கூர்' என்பார்கள். ஒரு கூருக்கு 12 அல்லது 13 வாரம். 20 தனிக்கதையைப் பத்துப் பத்தாகப் பிரித்தால் இரண்டு கூருக்குள் நெருக்கடியில்லாமல் அடங்கும். இரட்டைக் கதைகள் தலா ஒரு மணி நேர இடத்தைக் கேட்கும்.

தொடர்ச்சி எவ்வளவு நீளம் என்பதை இங்கே மூலமே சொல்லிவிட்டது. நீட்டவும் தேவையில்லை, நிறுத்தும் இடத்தைத் தேடவும் தேவையில்லை. மங்கா 2008-இலேயே முடிந்துவிட்டதால், அனிமே மூலத்தை முந்திக்கொண்டு போய் இடத்தை நிரப்பக் கதை தேடும் வழக்கமான விபத்துக்கும் வாய்ப்பில்லை. உண்மையில் இதைத் தொடர்ச்சி என்பதைவிட, பாதியில் நின்ற வேலையின் மறுபாதி என்பதே பொருத்தம்.

முடிவுகள், எடுக்கப்பட்ட வரிசையில்

முதலில் ஒரு வெள்ளோட்டம். 2013 இறுதியில் மூல ஆசிரியர் ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் ஒரு சிறப்புக் கதையை 'ஆஃப்டர்நூன்' இதழில் எழுதினார்: 'சூரியனைத் தின்னும் நிழல்'. கிரகணத்தன்று மறைந்த வெயில் ஒரு கிராமத்துக்கு மட்டும் திரும்பாமல் போகிறது. வெயிலில் நிற்க முடியாத ஒரு பெண்ணும், அவளோடு இரட்டையாகப் பிறந்தவளும் கதையின் மையம். இதுவே 2014 ஜனவரி 4 அன்று ஒரு மணி நேர ஸ்பெஷலாக ஒளிபரப்பானது. ஐம்பதுக்கு வெளியே உள்ள கதை என்பதால், இது சரியாக வராமல் போயிருந்தாலும் மீதி 24-இல் ஒன்றும் வீணாகியிருக்காது. பழைய குழு பழைய தாளத்தைப் பிடிக்கிறதா என்று பார்க்க இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைப்பது அரிது.

அடுத்தது ஆட்கள். அதே ஸ்டூடியோ, அதே இயக்குநர், அதே பாத்திர வடிவமைப்பாளர், அதே கலை இயக்குநர், அதே இசையமைப்பாளர், கிங்கோவுக்கு அதே குரல், கதைசொல்லிக்கும் அதே குரல். கடைசியாகச் சொன்னது அலங்காரம் அல்ல. கதைசொல்லியாக ஒலிக்கும் அந்தப் பெண்குரல்தான் பன்னிரண்டாம் எபிசோடில் சிறுவன் கிங்கோவைக் காப்பாற்றி வளர்க்கும் நுயியின் குரலும். அவன் போகும் ஊர்களின் கதையை அவனை வளர்த்தவளின் குரல் சொல்லிக்கொண்டு வருகிறது. வேறொருவரை அமர்த்தியிருந்தால் வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் தொடரின் அடியில் ஓடும் ஒரு நரம்பு அறுந்திருக்கும்.

தொடக்கப் பாட்டை மட்டும் மாற்றினார்கள். 2005-இல் ஸ்காட்லாந்துப் பாடகர் ஒருவரின் ஆங்கிலப் பாட்டு. 2014-இல் இங்கிலாந்துப் பாடகி ஒருவரின் ஆங்கிலப் பாட்டு. இரண்டும் கிதாரை ஒட்டி அடங்கிப் பாடப்பட்டவை. ஒவ்வொரு எபிசோடுக்கும் தனி முடிவு இசை என்ற பழைய வழக்கம் அப்படியே இருந்தது. கதை முடிந்து திரை இருண்டதும், அந்தக் கதைக்கென்றே எழுதிய இசை எழும். ஒரே பாட்டை வாராவாரம் ஒட்டியிருந்தால் செலவு குறைந்திருக்கும், எபிசோடின் கடைசி மூச்சும் குறைந்திருக்கும்.

மூன்றாவது முடிவு வரிசை பற்றியது. தொடர்ச்சியை ஆறாம் தொகுதியில் விட்ட இடத்தின் அடுத்த அத்தியாயத்தில் தொடங்கவில்லை. அந்தத் தொகுதியின் கடைசிக் கதையான 'வெளிக்கோடி விருந்து' முன்னுக்கு வந்தது. சாகே என்னும் அரிசி மது காய்ச்சும் குடும்பம். தந்தை முன்பு ஒருமுறை ருசித்த பொன்னிற மதுவை மறுபடி காய்ச்ச ஆயுள் முழுக்க முயல்கிறார். மகன் காய்ச்சியது நிறத்தில் அதை ஒத்துவிடுகிறது. அந்தக் குடுவையோடு வழிதவறிப் போனவன் முஷி வைத்தியர்கள் கூடியிருக்கும் இடத்தில் போய் மாட்டுகிறான்.

இதை ஏன் முதலில் வைத்தார்கள் என்று 2005-இன் முதல் எபிசோடைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். அதில் முஷிகளின் விருந்துக்கு அழைக்கப்பட்ட ஒரு சிறுமியின் கையில் பச்சைக் கிண்ணம் தரப்படுகிறது. அதில் ஊற்றுவது உயிரின் ஊற்றான ஒளிமது. கிண்ணம் உடைந்து பாதிதான் மிஞ்சுகிறது. எத்தனையோ ஆண்டு கழித்து, வரைந்ததெல்லாம் உயிர்பெறும் பேரன் மறுபாதியை வரைந்து முழுமையாக்குகிறான். எட்டு ஆண்டு கழித்துத் தொடர் அதே மதுவோடு திரும்புகிறது, இந்த முறை மனிதன் காய்ச்சிய போலியாக. பழையதைப் பார்க்காதவருக்கு எதுவும் புரியாமல் போகாது. பார்த்தவருக்கு மட்டும் ஒரு புன்னகை கூடுதல். எபிசோட் வடிவத் தொடர் தன் பழைய ரசிகரை வரவேற்க இதைவிட நாகரிகமான முறை எங்கள் கண்ணில் பட்டதில்லை.

நடந்தது

2014 ஏப்ரல் முதல் ஜூன் வரை முதல் பத்து எபிசோட். பத்தாவது 'குளிர்காலத்தின் அடி': கிங்கோ ஒரு மலையில் சிக்கிக்கொள்கிறான், வசந்தத்தை வரவிடாமல் மலை அவனைப் பிடித்து வைத்திருக்கிறது. ஏறக்குறைய முழு எபிசோடும் ஒற்றை ஆள். ஆகஸ்ட் 20 அன்று 'முள்வழி' ஒரு மணி நேர ஸ்பெஷலாக வந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மீதிப் பத்து. 'மணித்துளி' தொலைக்காட்சிக்கு வராமல் 2015 மே 16 அன்று திரையரங்கில் வெளியானது. மனிதக் குடும்பத்தில் பிறந்த பெண் ஒரு மலைக்குத் தலைவியாகிப் போய்விடும் கதை. மங்காவின் கடைசிக் கதையும் அதுவே.

20, 2, 2. மீதி இருந்த 24-உம் தீர்ந்தன. எபிசோடுக்கு ஒரு அத்தியாயம் என்ற கணக்கும் இறுதிவரை குலையவில்லை. இரண்டு சீசனையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் தையலைக் கண்டுபிடிப்பது சிரமம். ஓவியத்தின் கூர்மையில் வேறுபாடு உண்டு, நடையில் இல்லை.

ஆர்ட்லேண்ட் 2017-இல் தயாரிப்புப் பணியை நிறுத்திக்கொண்டது. இன்னும் மூன்று ஆண்டு தள்ளிப்போட்டிருந்தால் அதே ஸ்டூடியோ என்ற நிபந்தனையே இல்லாமல் போயிருக்கும்.

பக்கத்தில் வைத்துப் பார்க்க

'கினோவின் பயணம்' இதே இனம். மோட்டார் சைக்கிளில் போகும் பயணி, ஒரு நாட்டில் மூன்று நாள், பிறகு கிளம்பல். 2003-இல் 13 எபிசோட் வந்தது. 2017-இல் வேறு ஸ்டூடியோ, வேறு இயக்குநர், வேறு குரல்களோடு 12 எபிசோட். கதைகளைத் தேர்ந்தெடுக்க வாசகர் வாக்கெடுப்பை நாடினார்கள். மூல நூல் வரிசை நீண்டுகொண்டிருந்தது, எடுக்காத கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. இருந்தும் 2003-இல் வந்த சில கதைகள் மறுபடி எடுக்கப்பட்டன. 'கொலோசியம்' கதைக்கு 2003-இல் இரண்டு எபிசோட், 2017-இல் ஒன்று. சண்டைகள் இருந்தன, அந்த நாடு ஏன் அப்படி ஆனது என்று உறைக்க வேண்டிய இடைவெளி இல்லை. வாக்கெடுப்பின் சிக்கல் இது: மக்கள் தாங்கள் ஏற்கெனவே நேசித்ததற்குத்தான் வாக்களிப்பார்கள். நேசித்ததையே திரும்ப எடுத்தால் பழையதோடு ஒப்பீடு தவிர்க்க முடியாதது.

'நட்சுமேயின் நண்பர் ஏடு' வேறு வகை. 2008 முதல் 2024 வரை ஏழு சீசன். அதுவும் எபிசோட் வடிவம்தான், ஆனால் நாயகன் ஒரே ஊரில் இருக்கிறான், உறவுகள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன, மங்காவும் நிற்காமல் வளர்கிறது. அதைக் காட்டி "முஷிஷிக்கும் ஏழு சீசன் வேண்டும்" என்று கேட்பது பொருந்தாது. கிங்கோவிடம் எதுவும் சேராது. சேர்ந்தால் அவன் கிங்கோ இல்லை.

மாற்றியிருக்க வேண்டியவை

வெளியீட்டு முறைதான் பெரிய குறை. கதைகள் 26, ஸ்பெஷல், 10, ஸ்பெஷல், 10, திரையரங்கு என்று ஆறு துண்டாகச் சிதறிக் கிடக்கின்றன. எண்ணிட்ட எபிசோடுகளை மட்டும் பார்க்கும் புதியவர் 'முள்வழி'யைத் தவறவிடுகிறார்; தன்யூ வரும் நீண்ட கதை அது. 'மணித்துளி'யையும் தவறவிடுகிறார். அதாவது முடிவையே தவறவிடுகிறார். 2006-இல் கடைசி ஆறும் செயற்கைக்கோள் அலைவரிசைக்குப் போனதும் இதே கதைதான். இரட்டைக் கதைகளை அவற்றுக்குரிய இடத்தில் இரண்டு எண்களாக வைத்திருந்தால் பத்துப் பத்து என்பது பன்னிரண்டு பன்னிரண்டாகி, இரண்டு கூரிலும் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். திரையரங்கு வெளியீடு வேண்டுமென்றால் அதன்பிறகும் செய்திருக்கலாம்.

இப்போது தொடங்குபவர்களுக்கு: முதல் சீசன் 26, அடுத்து 'சூரியனைத் தின்னும் நிழல்', தொடர்ச்சியின் முதல் பத்து, 'முள்வழி', மீதிப் பத்து, 'மணித்துளி'. ஒரு நாளுக்கு இரண்டுக்கு மேல் பார்த்தால் ஒவ்வொன்றின் முடிவு இசையும் வீணாகும்.

மூன்றாவது சீசன்

இன்றும் கேட்கிறார்கள். கணக்குப்படி மீதி பூஜ்யம். பழைய ஸ்டூடியோ இல்லை. எடுப்பதானால் புதுக் கதை எழுத வேண்டும்: புது முஷி, அதற்கொரு விதி, உடம்பு நம்பும் ஓர் அடையாளம், மருந்து, விலை. காதைப் பொத்தினால் கேட்கும் எரிமலைபோல ஒன்றை வாரத்துக்கொன்றாக ஒரு கூர் முழுக்க வேறு யாரும் எழுதித் தருவார்கள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. மூல ஆசிரியரே மறுபடி எழுதினால் அது வேறு விஷயம். 2013-இல் ஒன்று எழுதினார், சில வாரங்களிலேயே அது திரைக்கு வந்தது. அப்படி ஒன்று வந்தால் ஒரு மணி நேர ஸ்பெஷல் போதும், சீசன் தேவைப்படாது.